இரத்தத்தில் ஊறியதா?

"அவர்களுக்கு அது இரத்தத்திலேயே ஊறியது!"

எத்தனை முறை இந்தச் சொற்றொடரை நாம் சொல்லியிருப்போம்! இசைத்தட்டு சுழலும். லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் எக்காளம் இருளைக் கிழித்துக்கொண்டு எழும். உடன் அமர்ந்து கேட்கும் நண்பர் தம்மை மறந்து தலையசைப்பார். உடனே நாம், அந்த இசைக்கே உரிமையாளர் போல நிமிர்ந்து அமர்ந்து, இந்தத் தீர்ப்பை வழங்குவோம். பாராட்டு என்று எண்ணித்தான் வழங்கினோம். அது பாராட்டன்று, பழி என்று உணர்வதற்கு ஒரு மாணவன் எழுந்து நின்று நம்மைத் தலைகுனிய வைக்க வேண்டியிருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிற்றூர்ப் படிப்பகத்தில் நடந்த நிகழ்ச்சி அது. அமெரிக்கக் கருப்பின மக்களின் உரிமைப்போர் பற்றிப் பேச அழைத்திருந்தனர். பேசினோம். அடிமைச் சந்தை பற்றிச் சொன்னோம், தூக்குக் கயிறு பற்றிச் சொன்னோம், இறுதியில், நம் உள்ளங்கவர்ந்த ஜாஸ் இசைக்கு வந்து, "தாளம் அவர்களோடு பிறந்தது, இரத்தத்தில் ஊறியது" என்று குரலை உயர்த்தி முடித்தோம். கைதட்டல் எழுந்தது. கைதட்டாத ஒரு மாணவன் எழுந்தான்.

"ஐயா! தாளம் பிறப்போடு வரும் என்கிறீர்கள். அப்படியானால், வேதம் ஓதும் அறிவும் பிறப்போடு வரும், மலக்கூடை சுமக்கும் தலையும் பிறப்போடு வரும் என்று சொல்பவனை நாம் எந்த வாயால் மறுப்பது?"

நாம் என்ன விடை சொல்வோம்? குலத்தொழில் கொடுமை பற்றி மேடைதோறும் முழங்கியவர் நாம். வருணத்தின் வேரை அறுப்போம் என்று எழுதியவர் நாம். அந்த வருணம் நம் வீட்டு இசைப்பெட்டியருகே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தது. நாம் அதற்கு விருந்து வைத்துக்கொண்டிருந்தோம்! "அடுத்த கூட்டத்தில் விடை கூறுகிறோம், தம்பி" என்று சொல்லி இறங்கினோம். அந்த விடையைத் தேடிய கதை இது.

தேடலைத் தொடங்கிய இடம் நியூ ஆர்லியன்ஸ். மிசிசிப்பி ஆறு கடலை நெருங்கும் இடத்தில், 1718-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் அமைத்த நகரம். பின்னர் ஸ்பெயினின் ஆட்சி. 1803-ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. அங்கே காங்கோ சதுக்கம் என்றொரு திடல் உண்டு. அடிமைகளாயிருந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிறு பிற்பகல்களில் அங்கே கூடினர், பண்டம் விற்றனர், முரசு முழக்கினர், ஆடினர், பாடினர். ஆறு நாள் பிறருடைய உடைமை. ஏழாம் நாள் சில மணி நேரம் மனிதர்!

மற்ற இடங்களிலோ அந்தச் சில மணி நேரமும் இல்லை. 1739-ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர், முரசு கொட்டி ஆள் சேர்த்தனர். மறு ஆண்டே, 1740-இல், அடிமைகள் முரசு வைத்திருப்பதையும் முழக்குவதையும் தடைசெய்து சட்டம் வந்தது.

தோழர்களே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். தாளம் இரத்தத்தில் ஊறியது என்றால், சட்டம் போட்டு அதைத் தடுக்க இயலுமா? கண்ணின் நிறத்தைத் தடைசெய்து எவனாவது சட்டம் இயற்றுவானா? முரசு என்பது கற்றுக்கொள்வது, கற்றுக்கொடுப்பது, செய்தி சொல்வது, ஆள் திரட்டுவது என்று ஆண்டைகள் அறிந்திருந்தனர். ஆகவேதான் அஞ்சினர், ஆகவேதான் பறித்தனர். அடிமையின் தாளம் பயிற்சியால் வந்தது என்பதை அவனை அடிமைப்படுத்தியவன் அறிந்திருந்தான். அவனுக்காகக் கண்ணீர் விட்ட நாம் அறியாதிருந்தோம்!

முரசு பறிபோன இடங்களில் கைத்தட்டலும் காலடியும் தாளமாயின. வயல்வெளிக் கூவல்கள் ப்ளூஸ் பாடல்களுக்கு வழிவிட்டன. தேவாலயப் பாடல்கள் ஒருபுறம், ராக்டைம் பியானோ ஒருபுறம், கரீபியத் தீவுகளின் ஆட்டத்தாளம் ஒருபுறம், ஐரோப்பியப் படைநடைப் பித்தளை வாத்தியங்கள் ஒருபுறம்—எல்லாம் வந்து நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் கலந்தன. இசைக்குறிப்பைப் படித்து வாசிக்கக் கற்ற கலப்பினக் கலைஞரும், செவிவழியே கற்ற கருப்பினக் கலைஞரும் ஒரே ஊர்வலத்தில் நடந்தனர். 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற பசப்பு மொழிக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் 1896-ஆம் ஆண்டில் முத்திரையிட்டதே, அந்த வழக்கும் நியூ ஆர்லியன்சில் புகைவண்டி ஏறிய ஹோமர் பிளெசி என்பவரின் வழக்குத்தான். சட்டம் பிரித்த ஊரில் இசை கலந்தது! ஜாஸின் வேர் எது என்று கேட்டால், ஒற்றைக் குருதி என்று எப்படிச் சொல்வது? பல ஆறுகள் கலந்த கழிமுகம் அது.

இனி மனிதர்களைப் பார்ப்போம்.

லூயி ஆர்ம்ஸ்ட்ராங், 1901-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் அந்நகரின் வறுமை மிக்க சேரியொன்றில் பிறந்தார். 1912-ஆம் ஆண்டின் கடைசி இரவில், புத்தாண்டுக் களிப்பில் தெருவில் துப்பாக்கியை வானை நோக்கிச் சுட்டதற்காகச் சிறுவர் இல்லத்தில் அடைக்கப்பட்டார். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் அவர் கையில் கார்னெட்டைக் கொடுத்துப் பயிற்றினார். பின்னர் கிங் ஆலிவர் வழிகாட்டினார். 1922-இல் சிகாகோ சென்றபோது, ஆலிவரின் குழுவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த லில் ஹார்டின் என்ற பெண்மணி, ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பயின்றவர், அவரது ஆற்றலை உணர்ந்து, "இரண்டாம் எக்காளமாக எத்தனை நாள் இருப்பாய்?" என்னும் பொருள்பட இடித்துரைத்து முன்னே தள்ளினார். இருவரும் மணந்தனர், பிரிந்தனர். 1971-ஆம் ஆண்டு சூலையில் ஆர்ம்ஸ்ட்ராங் மறைந்தார். அடுத்த மாதம் சிகாகோவில் நடந்த நினைவு நிகழ்ச்சியில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தபடியே லில் சரிந்து உயிர் நீத்தார். ஆசிரியர் ஒருவர், மூத்தவர் ஒருவர், பெண்மணி ஒருவர்—இந்த மூவரையும் மறைத்துவிட்டு, "பிறவி மேதை" என்கிறோமே, அது நன்றியுடைமையா?

சார்லி பார்க்கர் கான்சாஸ் நகரத்துச் சிறுவன். பதின்பருவத்தில் ஒரு விடுதி மேடையில் ஏறி, சாக்ஸபோன் வாசிப்பில் தடுமாறினான். முரசு வாசித்த ஜோ ஜோன்ஸ், வெண்கலத் தட்டைக் கழற்றி அவன் காலடியில் எறிந்தார், ஊரே சிரித்தது. பிறவியிலேயே ஊறியிருந்தால் இந்த அவமானம் ஏன்? 1937-ஆம் ஆண்டுக் கோடையில் மலைப்பகுதி விடுதி ஒன்றில் வாசிக்கச் சென்றபோது, லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளை உடன் கொண்டுபோய்ப் பண் பண்ணாகப் பாடம் செய்தான். மூன்று நான்கு ஆண்டுகள் நாள்தோறும் 11 முதல் 15 மணி நேரம் பயின்றதாக 1954-ஆம் ஆண்டு வானொலி உரையாடலில் அவரே கூறினார். சிரித்தவர்களின் பிள்ளைகள் பின்னாளில் அவருடைய இசைத்தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கற்றனர்!

பார்க்கர் போதைப் பழக்கத்துக்கு இரையாகி 1955-இல், 34 வயதில் மாண்டார். அந்த மருந்தில்தான் அவரது மேதைமை இருக்கிறது என்று நம்பி இளம் கலைஞர் பலர் தாமும் நஞ்சேற்றிக் கொண்டனர். மூடநம்பிக்கைக்குக் கோயில் வேண்டும் என்பதில்லை. ஓர் ஊசியும் போதும். உழைப்பைக் காண மறுக்கும் கண், குருதியில் தேடும். அல்லது குப்பியில் தேடும்.

மைல்ஸ் டேவிஸ் பல் மருத்துவரின் மகன். செல்வக் குடும்பம். 1944-இல் நியூயார்க்கின் ஜூலியார்டு இசைக் கல்லூரியில் சேர்ந்தார். கருப்பர் ஏழ்மையால், பருத்தி பறிக்கும் துயரால் ப்ளூஸ் இசைக்கின்றனர் என்று அங்கே ஓர் ஆசிரியை விளக்க, தம் தந்தை செல்வர் என்றும், தாம் துன்பப்பட்டதாலன்று, பயின்றதால் வாசிப்பதாகவும் எழுந்து மறுத்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் கூறுகிறார். நம் படிப்பகத்து மாணவனுக்கு அவர் ஓர் அண்ணன் அல்லவா!

இன்னொருவர், ஜாங்கோ ரைன்ஹார்ட். ஆப்பிரிக்கரல்லர், ரோமானி நாடோடி மக்களில் பிறந்தவர். 1928-ஆம் ஆண்டில், 18 வயதில், அவர் வாழ்ந்த வண்டிவீடு தீப்பிடித்தது. இடக்கையின் இரு விரல்கள் முடங்கின. மிஞ்சிய விரல்களைக் கொண்டு கிதாரை மறுபடி அரிச்சுவடியிலிருந்து கற்று, பாரிஸ் நகரில் ஜாஸின் பெருங்கலைஞரானார். எந்த இரத்தம் அந்த விரல்களுக்குப் பாடம் சொன்னது?

இரத்தக் கதைக்கு மறுபக்கமும் உண்டு. ஜாஸ் என்ற பெயரில் முதல் இசைத்தட்டு 1917-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பதிவானது. பதிவு செய்தவர் ஐவரும் வெள்ளையர்! அந்தக் குழுவின் நிக் லா ரோக்கா, ஜாஸைப் படைத்தவர் வெள்ளையரே என்று பின்னாளில் சாதித்தார். ஒரு கூட்டம், "அது அவர்கள் இரத்தத்தில் ஊறியது, உழைப்பென்று எதுவும் இல்லை" என்றது. இன்னொரு கூட்டம், "அது அவர்கள் படைப்பே அன்று" என்றது. ஒன்று உழைப்பைத் திருடியது. மற்றொன்று உரிமையைத் திருடியது. நாம் இரண்டாவதைக் கண்டு கொதித்தோம். முதலாவதை நாமே பேசிக்கொண்டிருந்தோம்.

பின்னொரு காலம், நியூ ஆர்லியன்சுக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பிரெஞ்சுக் குடியிருப்பில், செயின்ட் பீட்டர் தெருவில், 1961-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பிரிசர்வேஷன் ஹால் என்னும் சிற்றரங்கின் முன் வரிசையில் நின்றோம். அரங்கு என்று சொல்வதே மிகை. நிறம் வெளுத்த சுவர், சில மரப்பலகைகள், ஒலிபெருக்கி இல்லை, மதுவும் இல்லை. முதல் வரிசையில் அமர்ந்தவர் காலை நீட்டினால் வாசிப்பவர் காலில் இடிக்கும்.

இசைத்தட்டில் நாம் கேளாத பல ஒலிகளை அன்று கேட்டோம். எக்காளம் வாசித்த முதியவர் மூச்சை இழுக்கும் ஒலி. பலகையில் தாளமிடும் காலணியின் ஒலி. விரல் தடவும் சாவிகளின் சிறு கிடுகிடுப்பு. ஒரு பாட்டின் நடுவே இளைஞன் ஒருவன் கிளாரினெட்டில் பின்னிய வரி நழுவியது. முதியவர் நிறுத்தவில்லை; முகம் சுளிக்கவில்லை. அவன் நழுவிய அதே வரியைத் தாம் எடுத்து, மெல்ல, தெளிவாக வாசித்துக் காட்டி, அவன் பக்கம் திரும்பினார். அவன் மீண்டும் வாசித்தான். இம்முறை நின்றது. கூட்டத்தில் பலர் அதைக் கவனிக்கவில்லை. நமக்கோ மாணவனுக்குச் சொல்ல வேண்டிய விடை அந்த நொடியில் கிடைத்தது. வேர் என்பது அது! ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுப்பது. கொடுத்ததை வாங்கியவன் உழைத்துத் தனதாக்குவது.

பாட்டு முடிந்ததும் முதியவர் எக்காளத்தை இறக்கினார். உதட்டின் நடுவே காய்த்துப்போன தழும்பு. ஆர்ம்ஸ்ட்ராங்கின் உதடு 1930-களில் மேடையிலேயே பிளந்து, சட்டையில் இரத்தம் வழிந்த செய்தி நினைவுக்கு வந்தது. ஆம், இந்த இசையில் இரத்தம் உண்டு. அது ஊறி வந்த இரத்தம் அன்று, சிந்திய இரத்தம்.

சிந்த வைத்தவர் யார் என்பதையும் கூறாமல் விடலாமா? நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் 1927 முதல் டியூக் எல்லிங்டன் இசைத்தார். மேடையில் கருப்பர், பார்வையாளர் இருக்கையில் வெள்ளையர் மட்டும்! பில்லி ஹாலிடே 1938-இல் வெள்ளையர் இசைக்குழு ஒன்றின் பாடகியாக இருந்தபோது, வாசிக்கும் ஓட்டலிலேயே சரக்கு ஏற்றும் மின்தூக்கியில் ஏறுமாறு பணிக்கப்பட்டார். மறு ஆண்டு, நியூயார்க்கின் கஃபே சொசைட்டியில், மரத்தில் தொங்கும் பிணங்களைப் பற்றிய 'விந்தைக் கனி' என்ற பாடலை அவர் பாடினார். எழுதியவர் ஏபல் மீரோபோல் என்ற யூத ஆசிரியர். பாடும்போது பரிமாறுவோர் கையை நிறுத்துவர்; விளக்குகள் அணையும்; ஒளி முகத்தில் மட்டும் விழும்; பாடி முடித்ததும் மறுபாட்டு இல்லை. கேட்டவர் தட்டிலிருந்த உணவு என்னவாயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

மைல்ஸ் டேவிஸ் 1959-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25 அன்று, தம் பெயர் எழுதப்பட்ட பலகையின் கீழ், தாம் வாசித்துக்கொண்டிருந்த அரங்கின் வாயிலில் இளைப்பாற நின்றார். 'நகர்ந்து போ' என்ற காவலர் ஆணைக்குப் பணியாததால் தலை உடைபட்டார். எல்லிங்டனுக்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு வழங்கலாம் என்று 1965-இல் நடுவர் குழு பரிந்துரைத்தது, வாரியம் மறுத்தது. அவர் மறைந்து 25 ஆண்டு கழித்து, 1999-இல், நூற்றாண்டு விழாவின்போது வழங்கினர். இரத்தத்தில் ஊறியதற்கு எவனாவது பரிசு கொடுப்பானா? ஊறும் கிணற்றுக்குக் கூலி உண்டா? அந்தச் சொற்றொடரின் பயன் இப்போது விளங்குகிறதன்றோ! உழைப்பில்லை என்று சொன்னால், ஊதியமும் தேவையில்லை, உரிமையும் தேவையில்லை, முன்வாசலும் தேவையில்லை!

சிரித்த முகத்தோடு எல்லார்க்கும் இனியவராக இருந்த ஆர்ம்ஸ்ட்ராங்கே ஒரு நாள் சீறினார். 1957-இல் லிட்டில் ராக் நகரில் கருப்பினப் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழைய விடாது தடுக்கப்பட்டபோது, அரசின் சார்பில் சோவியத் நாடு செல்லவிருந்த பயணத்தை மறுத்துக் குடியரசுத் தலைவரையே கடிந்தார். கருப்பரும் வெள்ளையரும் கலந்து வாசிப்பதைத் தடைசெய்த 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஊரையே புறக்கணித்து, 1965-இல்தான் திரும்பிப்போய் வாசித்தார்.

பகுத்தறிவாளர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு: "தேவாலயத்தில் வளர்ந்த இசையை நீர் எப்படி ரசிக்கிறீர்? ஜான் கோல்ட்ரேன் 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் பதிவு செய்தாரே, அவருடைய பெரும்படைப்பு, அது கடவுளுக்குச் செய்த காணிக்கை ஆயிற்றே?" என்று. உண்மைதான். மறைக்க மாட்டோம். அவருடைய தாத்தாக்கள் இருவரும் மதகுருமார். அவருடைய நம்பிக்கை நமக்கு இல்லை. இருப்பதுபோல் நடிக்கவும் மாட்டோம். ஆனால் அந்த மக்களுக்கு நகர மன்றம் திறந்திருந்ததா? நல்ல பள்ளி, நல்ல அரங்கு திறந்திருந்ததா? கூடவும் பேசவும் பாடவும் கிடைத்த கூரை அந்த ஒன்றுதான். அதனால்தான் பகைவனும் அதைக் குறிவைத்தான். 1963-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று பர்மிங்காம் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். கடவுள் தடுக்கவில்லை. நவம்பர் 18 அன்று கோல்ட்ரேன் 'அலபாமா' என்ற இசையைப் பதிவு செய்தார். அதில் ஒரு சொல்லும் இல்லை, தேம்பல் உண்டு. அதைக் கேட்டு நாம் வணங்குவது வானத்தை நோக்கியன்று. அழத் தெரிந்த அந்த மனிதனை நோக்கி.

மறுபடி அந்தப் படிப்பகத்துக்குச் சென்றோம். மாணவன் வந்திருந்தான். "தம்பி, நாம் சொன்னது தவறு" என்று தொடங்கினோம். மேடையில் நாம் சொன்ன சொற்களிலேயே சொல்லக் கடினமாயிருந்தது அதுதான். பிறகு முரசைப் பறித்த சட்டத்தைச் சொன்னோம். முதியவர் திரும்ப வாசித்துக் காட்டிய வரியைச் சொன்னோம். அவன் கேட்டான்: "நம் ஊர் நாதசுரத்தைப் பற்றியும் அப்படித்தானே சொல்கிறார்கள், ஐயா?"

ஆம், அப்படித்தான் சொல்கிறார்கள். 'அது அவர்கள் குலத்தொழில், தானே வரும்' என்று சொல்லிக்கொண்டே, வாசித்தவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய நாடு இது. சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளில், கானாடுகாத்தான் திருமண ஊர்வலத்தில், நாதசுரக் கலைஞர் சிவக்கொழுந்து வியர்வை துடைக்கத் தோளில் போட்ட துண்டை எடுக்கச் சொன்னார்களே! எடுக்காதே என்று அஞ்சாநெஞ்சன் அழகிரி எழுந்து நின்றாரே! அந்தத் துண்டுக்கும் பில்லி ஹாலிடே ஏறிய சரக்குத் தூக்கிக்கும் இடையே கடல்கள் பல உண்டு. வேறுபாடு எதுவும் இல்லை.

இன்றும் நம் வீட்டில் இசைத்தட்டு சுழல்கிறது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் எக்காளம் முன்போலவே இருளைக் கிழிக்கிறது. நண்பர் தலையசைத்து, "இரத்தத்திலேயே ஊறியது..." என்று தொடங்குகிறார். நாம் இசைத்தட்டை நிறுத்துவதில்லை. பாட்டு முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு அவரிடம் பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியரின் பெயரைச் சொல்கிறோம்.